மதிய இடைவேளையில் போட்ட கையெழுத்து

போன மாதம் ஒரு விழாவுக்காக உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். டீ வரும்வரை சும்மா உட்கார முடியாமல், ஒரு தம்பியின் பின்னால் நின்று அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு கிளையில் லினக்ஸ் சர்வரோடு இணைப்பு விட்டுவிட்டுப் போகிறது என்று புகார். இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தம்பி நாலு தடவை பிங் அடித்தார். நாலும் போய்த் திரும்பி வந்தன. உடனே ‘பயன்படுத்துபவர் தவறு’ என்று எழுதிப் புகாரை மூடிவிட்டு, “சார், உங்களுக்குச் சர்க்கரை போடலாமா?” என்று கேட்டார். எனக்கு வந்தது கோபம். ஓய்வு பெற்றவன் கோபப்பட்டால் வயசாயிடுச்சு என்பார்கள். அதனால் சர்க்கரை போட்ட டீயையே குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

அந்தத் தம்பி இதைப் படித்தால் வருத்தப்பட வேண்டாம். அவர் எழுதியதை அவருக்கு வெகுநாள் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. லினக்ஸ் என்ற பெயரே அப்போது கிடையாது. நீங்கள் இன்று லினக்ஸில் அடிக்கும் கட்டளைகளில் பாதியை நாங்கள் அன்று யூனிக்ஸில் அடித்துக்கொண்டிருந்தோம். ஓசூரில் கம்ப்யூட்டர் பொருத்தி, பழுதும் பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. சொந்த ஊர் இண்டூர். ஓசூரும் கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்துக்குள்ளேயே இருந்த காலம் அது. அவ்வளவு பெரிய மாவட்டத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்காவது ஒன்று மக்கர் செய்தால், ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், பற்றவைக்கும் கருவி மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலை இருந்தது. மாம்பழத்தைக் கூழாக்கி, ட்ரம்மில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். பங்குனி மாதம், சீசன் தொடங்கும் முன், அங்கே நான்தான் எல்லாவற்றையும் பொருத்தினேன். அலுவலகக் கட்டடத்தில் ஏசி அறைக்குள் பீரோ உயரத்துக்கு யூனிக்ஸ் இயந்திரம். அதன் முதுகிலிருந்து ஒவ்வொரு டெர்மினலுக்கும் ஒரு வயர் போகும். டெர்மினல் என்றால் ஒரு திரையும் ஒரு கீபோர்டும்தான். சொந்தமாக மூளை கிடையாது. மூன்று டெர்மினல்கள் அதே கட்டடத்தில் இருந்தன. நான்காவது மட்டும் முற்றத்தைத் தாண்டி, ஆலைக் கட்டடத்தின் ஓரத்திலிருந்த பரிசோதனை அறையில். அதற்கான நீள வயரைக் குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைத்துக் கொண்டுபோயிருந்தேன். இன்று நீங்கள் நெட்வொர்க் என்று சொல்வது எங்களுக்கு அந்த வயர்கள்தான்.

ஏசி அறைக்குள் செருப்போடு நுழையக்கூடாது என்று ஆலை மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். முதல் நாள் இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். அதன் முன் வெறுங்காலோடு நின்று, “மனுஷன் தப்பு பண்ணுவான், இது பண்ணாதுங்க” என்று மேனேஜரிடம் பெருமையாகச் சொன்னேன். இருபத்தாறு வயதில் வேறு எப்படிப் பேசுவது?

பரிசோதனை அறை டெர்மினலில் வேலை பார்த்தவர் மேரி. பக்கத்து ஊர்க்காரர். கிறிஸ்தவ விவசாயக் குடும்பம். அப்பா சூசைக்கு மாந்தோப்பு உண்டு. அவர் பழமும் அதே ஆலைக்குத்தான் வரும். மேரி பாலக்கோட்டில் டைப்ரைட்டிங் ஹையர் வரை பாஸ் செய்தவர். ஆலையில் தற்காலிக வேலைதான். அந்த சீசன் நல்லபடியாக முடிந்தால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அவர் வேலை இதுதான். ஒவ்வொரு லோடிலும் நாலு பழத்தை எடுத்துப் பிழிந்து, சாற்றில் எவ்வளவு இனிப்பு என்று ஒரு கருவியில் பார்ப்பார்கள். அந்த அளவுக்கு பிரிக்ஸ் என்று பெயர். கெமிஸ்ட் அதை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதித் தருவார். மேரி அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிப்பார். பன்னிரண்டுக்குக் கீழே போனாலும் இருபதுக்கு மேலே போனாலும் புரோகிராம் ஏற்றுக்கொள்ளாது, பீப் என்று கத்தும். கம்ப்யூட்டரில் ஏறிய எண்ணை வைத்துத்தான் லோடு முதல் தரமா, இரண்டாம் தரமா என்று முடிவாகும்.

ஆனி மாதம் ஒரு நாள் மேனேஜர் போன் செய்து உடனே வரச் சொன்னார். கோடை மழை ஏமாற்றிய வருடம். பஸ் ஜன்னலில் புழுதிதான் அடித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. கேட்டுக்கு வெளியே மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. மேனேஜர் சேலத்துக்காரர், ஐம்பது வயது, நிதானமானவர். கதவைச் சாத்திவிட்டு மேஜையில் பதினோரு சீட்டுகளைப் பரப்பினார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கம்ப்யூட்டர் சொன்ன எண்ணைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

“தம்பி, இதப் பாருங்க. சீட்டுல 14.2, கம்ப்யூட்டர்ல 14.6. இங்க 15.1, அங்க 15.9. இது 13.0, அது 13.8. பதினொண்ணுமே இப்படி ஏறித்தான் இருக்குது. ஒண்ணுகூட எறங்கல. பதினொண்ணும் அந்தப் பொண்ணோட ஊர் லோடு. அதுல மூணு அவங்கப்பாவோடது.”

நான் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரியாம தப்பா அடிச்சா ஒண்ணு ஏறும், ஒண்ணு எறங்கும். ஏறிக்கிட்டே எப்படிங்க இருக்கும்? எனக்கு ஒரே ஒரு பதில் போதும். மிஷின்ல கோளாறு இருக்கா, இல்லையா? இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்தா, அந்தப் பொண்ண இன்னியோட அனுப்பிருவேன். அந்த ஊர் லோடும் இனிமே எனக்கு வேணாம்.”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த நியாயம் எனக்கும் பிடித்திருந்தது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

பரிசோதனை அறைக்குப் போனேன். கூழ் பிழியும் இயந்திரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பேசினால் காதில் விழாத சத்தம். மேரி சீட்டுகளை இடது பக்கம் அடுக்கி வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். பார்வை சீட்டை விட்டு நகரவில்லை. திரைப் பக்கம் திரும்பவே இல்லை.

“அடிக்கறது சரியா விழுதான்னு திரையில பாக்க மாட்டீங்களா?” என்று கேட்டேன்.

“டைப் அடிக்கறப்ப தலைய நிமிரக் கூடாதுங்க சார். நிமிந்தா எங்க மாஸ்டர் ஸ்கேல்ல அடிப்பாரு. பாக்காமயே சரியா விழும்ங்க.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “அப்பப்ப பீப்னு கத்துதுங்க சார். அதையே திரும்ப அடிச்சா எடுத்துக்குது. அது என்னான்னு கொஞ்சம் பாருங்களேன்.”

அவர் தலை நிமிராததை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். பீப் என்று கத்துவதை விட்டுவிட்டேன்.

டைப்ரைட்டிங் பழகிய எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. டைப்ரைட்டரில் எந்தக் கட்டையை அடிக்கிறோமோ அந்த எழுத்துதான் காகிதத்தில் விழும். வேறு எழுத்து விழ வழியே இல்லை. டெர்மினலில் அப்படி இல்லை. நீங்கள் அடித்தது வயர் வழியாக யூனிக்ஸ் இயந்திரத்துக்குப் போய், அது எப்படிப் புரிந்துகொண்டதோ அப்படித்தான் திரும்பி வந்து திரையில் தெரியும். விரலுக்கும் திரைக்கும் நடுவில் இருநூறு அடி வயர் இருக்கிறது. அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருக்க வேண்டியவன், இயந்திரத்துக்குத் தேங்காய் உடைத்த அன்றே சக்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

சீசன் நேரத்தில் வேலையை நிறுத்த முடியாது, மதிய இடைவேளையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியதும் ஆலை நின்றது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அந்த அமைதியில் நிம்மதியாக உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். பற்றவைத்த இடங்களை இழுத்துப் பார்த்தேன். வேக அமைப்பு இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு பக்கம் பக்கமாக எண்களை அடித்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. சந்தேகத்துக்கு, அலுவலக டெர்மினலைக் கொண்டுவந்து மாற்றிப் போட்டும் அடித்தேன். அதுவும் சரி.

ஒன்றரைக்குச் சங்கு ஊதுவதற்குள் அறிக்கையை எழுதிவிட்டேன். ‘இயந்திரமும் இணைப்பும் சரியாக உள்ளன. பதிவு செய்பவரின் தவறு.’ கீழே கையெழுத்து, அதன் கீழே கம்பெனி முத்திரை. கார்பன் பிரதியை நான் எடுத்துக்கொண்டு அசலை மேனேஜரிடம் கொடுத்தேன்.

நான் ‘தவறு’ என்றுதான் எழுதினேன். மேனேஜர் அதைத் ‘திருட்டு’ என்று படிப்பார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வேறொருவர் எப்படிப் படிக்கிறார் என்பது என் பொறுப்பில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இந்தச் சமாதானத்தைப் பிற்பாடு எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேனேஜரின் அறைதான் நினைவுக்கு வரும்.

நான் கிளம்பும்போது மேரியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வராண்டாவில் எதிரே வந்தவர், “பாத்தீங்களா சார், கோளாறு தெரிஞ்சுதுங்களா?” என்று கேட்டார். “மேனேஜர் சொல்வாருங்க” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பதினோரு எண்களையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எழுந்த உறுத்தலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், ஒவ்வொன்றும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கழித்துப் பார்க்க ஆரம்பித்தேன். 2 இருந்த இடத்தில் 6. நாலு ஏறியிருக்கிறது. 1 இருந்த இடத்தில் 9, எட்டு. 0 இருந்த இடத்தில் 8, அதுவும் எட்டு. 5 இருந்த இடத்தில் 7, இரண்டு. 8 இருந்த இடத்தில் 9, ஒன்று. பதினொன்றையும் கழித்தேன். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. இதைத் தவிர வேறு எண்ணே வரவில்லை. மூன்று ஏறியது ஒன்றில்லை. ஐந்து ஏறியதும் ஒன்றில்லை.

உங்களில் பாதிப் பேருக்கு இப்போதே புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வயரில் ஓர் எண் போகும்போது வரிசையாகச் சில சுவிட்சுகளாகத்தான் போகும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு மதிப்பு: ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. அணைந்திருக்க வேண்டிய ஒரு சுவிட்ச் தவறிப்போய் எரிவதாகத் தெரிந்தால், எண் சரியாக அந்த அளவுக்கு ஏறும். ஒரு மனுஷி அப்பாவின் லோடுக்காக எண்ணைக் கூட்டி அடித்தால் இஷ்டத்துக்கு மூன்று கூட்டுவாள், ஐந்து கூட்டுவாள். எட்டும் நாலுமாகப் பார்த்துப் பார்த்துக் கூட்ட மாட்டாள். அது வயரின் வேலை.

அப்படியானால் பீப் என்று கத்தியதும் அதேதான். 14 என்பது 94 ஆகப் போனால் புரோகிராம் திருப்பி அனுப்பிவிடும். எல்லைக்குள் கொஞ்சமாக ஏறியவை மட்டும் யாருக்கும் தெரியாமல் உள்ளே தங்கிவிடும். மேரி இதைத்தான் என்னிடம் கேட்டிருந்தார்.

ராயக்கோட்டை வருவதற்கு முன்பே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். எதிரே பாலக்கோட்டுக்குப் போன தக்காளி லாரி ஒன்றைக் கை காட்டி ஏறித் திரும்பினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். நான் நினைப்பது சரியாக இருக்க வேண்டுமே என்ற பயம் ஒன்று. சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இன்னொன்று.

மூன்றரை மணிக்கு ஆலைக்குள் நுழைந்தேன். மேரி அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில், மடியில் டிபன் பையோடு உட்கார்ந்திருந்தார். கணக்குத் தீர்த்து அனுப்பச் சாயங்காலம் ஆகுமாம். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவர் ஊர் டிராக்டர்களைக் கேட்டிலேயே ஓரம் கட்டிவிட்டிருந்தார்கள். ஏன் என்று சூசை சத்தம் போட்டபோது, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் எழுதிக் கொடுத்த காகிதத்தை வாட்ச்மேனிடம் கொடுத்து எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மேனேஜரைப் பரிசோதனை அறைக்குக் கூட்டிவந்து என் பக்கத்தில் நிற்க வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. “நான் பூஜ்யத்தை மட்டும்தான் அடிக்கப்போறேன். நீங்க திரையப் பாருங்க” என்றேன். அடித்தேன். முதல் வரி முழுக்கப் பூஜ்யம். இரண்டாவது வரியின் நடுவில் ஓர் 8 முளைத்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு 4. அதற்கடுத்த வரியில் மறுபடி 8.

“ரெண்டு நிமிஷம் ஆலையை நிறுத்தச் சொல்லுங்க.”

சத்தம் நின்றது. பத்து வரி அடித்தேன். பூஜ்யத்தைத் தவிர ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டச் சொன்னேன். ஆறாவது வரியில் 8 வந்து உட்கார்ந்தது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேற ஊர் லோடோட சீட்டயும் சரிபாத்தீங்களா?” என்று கேட்டேன். “இல்ல தம்பி. சந்தேகம் வந்ததால அந்த ஊரோடது மட்டும்தான் எடுத்துப் பாத்தேன்” என்றார். எடுத்துப் பார்த்தோம். எல்லா ஊர் லோடிலும் எண்கள் ஏறியிருந்தன.

இனி காரணம் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த். ஆலை ஓடும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்தேன், முள் எகிறியது. ஆலைப் பக்கத்து எர்த் செத்துப்போயிருந்தது. மோட்டாரிலிருந்து கசியும் மின்சாரம் மண்ணுக்குள் போக வழியில்லாமல் என் வயரில் வந்து கலந்து, அணைந்த சுவிட்சுகளை எரிவதாகக் காட்டி எண்ணை ஏற்றிக்கொண்டிருந்தது. பரிசோதனை அறையின் பின்பக்கம் போய் எர்த் குழியின் மேல்கல்லைப் புரட்டினோம். கரியும் உப்பும் போட்ட குழி. உள்ளே ஈரம் என்று சொல்ல ஒரு சொட்டு இல்லை. வெயில் காலத்தில் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் அது வெறும் குழிதான்.

“இதுக்குத் தண்ணி ஊத்தறது யாரு?” என்று மேனேஜர் கேட்டார். கூட்டிப் பெருக்கும் மாதம்மாவைக் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“வயரிங் பண்ணுன எலக்ட்ரீசியன் தெனம் ரெண்டு பக்கெட்டு ஊத்தச் சொன்னாருங்க. சாமான் கழுவற தண்ணிய வீணாக்காம இதுலதாங்க ஊத்திக்கிட்டிருந்தேன். அப்பறம் ஊத்தாதன்னாங்க, நிறுத்திட்டேன்.”

“யாரு ஊத்தாதன்னது?”

மாதம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பங்குனியில் வயர் புதைத்துக்கொண்டிருந்தபோது இந்த அம்மாள் வந்து, நான் மண் மூடிய இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பக்கெட் தண்ணீரைக் கொட்டினார். என் வயர் கெட்டுவிடும் என்று கத்தினேன். இனிமேல் இந்தப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது என்று சொன்னேன். அவர் எதில் ஊற்றுகிறார், ஏன் ஊற்றுகிறார் என்று கேட்கவில்லை. என் வயர் நனையாமல் இருக்க, அந்த வயரையே காப்பாற்றிக்கொண்டிருந்த குழியைக் காயப் போட்டவன் நான்தான்.

“கேக்கறேன்ல, யாரு சொன்னதுன்னு சொல்லத் தெரியாதா? வேலைய விட்டுட்டு இப்பக் கத சொல்றயா?” என்று மேனேஜர் குரலை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து, ஓசூரிலிருந்து எனக்கு போன் என்று ஆள் வந்து கூப்பிட்டார்.

போனில் எங்கள் சீனியர். வேலையில் கெட்டிக்காரர், என்மேல் அன்புள்ளவர். நடந்ததை முழுசாகச் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “வாடிக்கையாளர் கட்டடத்துல எர்த் குறைபாடுன்னு எழுதிட்டு வாப்பா. பொய் இல்லையே, எர்த் அவங்களோடதுதான? அந்தப் பொண்ணு பேரும் சரியாயிடும். உன்ன எதுக்கு நீயே எழுதிக் குடுக்கற? வருஷம் முடிஞ்சா ஒப்பந்தத்தப் புதுப்பிக்கணும். யோசிச்சு எழுது.”

அவர் சொன்ன மாதிரி எழுதியிருந்தால் ஒரு வரிகூடப் பொய் இருக்காது. அதுதான் இந்தத் தொழிலில் இருக்கும் ஆபத்து. ஒரு கோளாறுக்கு எப்போதும் நாலைந்து உண்மைக் காரணங்கள் இருக்கும். அதில் எதை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து யாராவது ஒருவர் அடி வாங்குவார். அன்று நான் எர்த் என்று மட்டும் எழுதினால் மேரி தப்பித்துவிடுவார், மாதம்மாவுக்கு வேலை போகும். என்னைக் காட்டிக்கொடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அவருக்கு. போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். தைரியமெல்லாம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

திரும்பிப் போய், “ஊத்த வேண்டாம்னு சொன்னது நான்தாங்க” என்றேன்.

மேனேஜர் அறையில் உட்கார்ந்து, அவர் பார்க்கவே இரண்டாவது அறிக்கையை எழுதினேன். மதியம் கொடுத்த அறிக்கை தவறு. ஆலை நின்றிருந்த நேரத்தில் சோதித்துவிட்டு அதை எழுதினேன். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தச் சொன்னவன் நான். வழியில் எண் கெட்டால் இயந்திரமே கண்டுபிடித்துத் தள்ள ஒரு சோதனை ஏற்பாடு உண்டு. பொருத்தும்போது அதைப் போடாமல் விட்டவனும் நான். பதிவு செய்பவரிடம் எந்தத் தவறும் இல்லை.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். “உங்களுக்குச் சின்ன வயசு தம்பி” என்று மட்டும் சொன்னார். அது மன்னிப்பா, திட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு மேரியைக் கூப்பிட்டார்.

“ஒங்க மேல தப்பு இல்லம்மா. இவரே எழுதிக் குடுத்துட்டாரு. ஒங்க ஊர் லோட உள்ள விடச் சொல்லிட்டேன். நாளைக்கு எப்பவும் போல வந்துருங்க.”

மேரி காகிதத்தை வாங்கிப் படித்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. மடித்து மேஜைமேல் வைத்தார்.

“எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுங்க சார். இத அவருகிட்ட யாரு சொல்றது?”

“நானே சொல்லிடறம்மா.”

“நீங்க வேணாங்க.” என்னைப் பார்த்தார். “இவரு சொல்லட்டும்.”

கேட்டுக்கு நடந்தோம். மேரி முன்னால் போனார், நான் பின்னால். நாலரை மணி வெயிலில் சூசை டிராக்டர் சக்கரத்தின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மாங்காய்மேல் சாக்கை நனைத்துப் போட்டிருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மற்ற ஊர்க்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். மதியம் காகிதத்தைப் படிக்கக் கேட்டவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

“உங்க பொண்ணு சரியாத்தாங்க அடிச்சிருக்காங்க. நான் போட்ட வயர்ல கோளாறு. அது என்னால வந்த கோளாறு. சரியாப் பாக்காம உங்க பொண்ணு மேல எழுதிட்டேன்” என்றேன். பின்னால் இருந்த ஒருவர், “என்னங்க, கேக்கலீங்க” என்றார். மறுபடியும் முதலிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

சூசை என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகளிடம்தான் பேசினார்.

“நான் பண்ணலப்பான்னு நீ மத்தியானமே சொன்னயேம்மா. நான் நம்பலயே.”

மேரி அப்பாவின் தோள் துண்டு சரிந்திருந்ததை எடுத்துச் சரியாகப் போட்டார்.

“இன்ஜினீயரே கையெழுத்துப் போட்டிருந்தாருப்பா. நீ என்ன பண்ணுவ.”

என்னைக் குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. அப்பாவைத் தேற்றுவதற்காகச் சொன்னார்.